பச்சை ஷீட் போட்ட பெட்டி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொழும்புக் கம்பனிக்கு ஒரு வேலையை முடித்து அனுப்ப வேண்டும். அதே நாள் நண்பகலுக்குள் அவிசாவளையில் ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். முதலாவது சரிவந்தால் வீட்டிலிருந்தபடியே உத்தியோகம். சரிவராவிட்டால் கட்டாரில் இரண்டு வருடம். மகள் டில்ஷிகா இங்கே அம்மாயியோடு இருப்பாள். அவளுக்கு நான்கு வயது.

நான் கட்டாருக்குப் போவதாக எல்லோரும் முடிவெடுத்திருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். எது வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

என் மனைவி பிரேமலதா இறந்து பதினொரு மாதம். எலிக்காய்ச்சல். வெள்ளம் வடிந்த பிறகு, தான் படிப்பித்த பாடசாலையின் விஞ்ஞான அறையைக் கழுவப் போனாள். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சோறு போட்டால் சாப்பிட்டேன். டில்ஷிகாவைக் காலையில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் விட்டேன், பின்னேரம் கூட்டி வந்தேன். கொழும்பில் பார்த்த வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்றும் யோசிக்கவில்லை.

நாங்கள் இருப்பது தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீட்டு லயம். அதில் ஒன்று பிரேமலதாவின் தாய்வீடு. டில்ஷிகாவின் அம்மாயியான இருளாயி அத்தை, என் மாமியார், இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். பிரேமலதாவின் அண்ணன் வேலுசாமி தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், உறைந்த பாலை உருளையில் கொடுத்து ஷீட் அடிக்கிறார். பக்கத்து வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார்.

நான் படித்தது நில அளவை. பெலிஹுல்ஓயா கம்பஸில் நான்கு வருடம். கொழும்புக் கம்பனி ட்ரோனில் எடுத்த படங்களை வைத்து நிலத்தின் வரைபடம் செய்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய ஆள் தேடினார்கள். விண்ணப்பித்தேன். பரீட்சையாக ஒரு மலைச்சரிவின் ஆயிரத்து நூற்று நாற்பது படங்களைத் தந்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வோர் இடத்தின் உயரமும் தெரியும்படி ஒரே வரைபடமாக்க வேண்டும். மூன்று வாரம் தவணை.

பொருத்துவது மென்பொருளின் வேலைதான். என் லெப்டொப்பில் ஓடவிட்டேன். முடிய முப்பத்தொரு நாள் ஆகும் என்று காட்டியது.

அந்த மாதிரிக் கணக்கை விரைவாகப் போட கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். என் லெப்டொப்பில் அது கிடையாது. உள்ளே வைக்க இடமும் கிடையாது. புதிய கம்ப்யூட்டர் வாங்கும் நிலையில் நான் இல்லை. படங்களை இணையத்தில் ஏற்றி வேறெங்காவது செய்விக்கலாம் என்றால் லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான் வரும், அதுவும் கதவருகில் நின்றால்.

மிஞ்சிய வழி, கார்டை லெப்டொப்புக்கு வெளியே வைப்பது. லெப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றினால் வைஃபைக்கான ஒரு சின்னப் பலகை இருக்கும், தபால் முத்திரை அளவில். அதை எடுத்துவிட்டு அந்தக் குழியில் ஒரு தட்டையான வயரைச் செருக வேண்டும். வயரின் மறுமுனையில் ஒரு அடாப்டர். அடாப்டரில் கார்ட் நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கரண்ட் கொடுக்கப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் பவர் சப்ளை. பார்க்க வடிவாக இருக்காது. ஆனால் ஓடும் என்று படித்திருந்தேன்.

கார்டும் பவர் சப்ளையும் எஹலியகொடவில் ஸாஹிரா அக்காவின் கடையில் கிடைத்தன. முன்பக்கம் அவருடைய கணவர் சாலி போன் விற்கிறார். பின்பக்கம் அக்கா பழுது பார்க்கிறார். அடாப்டரை இணையத்தில் வாங்கினேன். அதுவும் அவருடைய கடை முகவரிக்குத்தான் வந்தது. லயத்துக்கென்று முகவரி இல்லை. எங்களுக்கு வரும் தபால் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அடாப்டர் வர பதினாறு நாள் எடுத்தது. புதன்கிழமை போய் எடுத்தேன். தவணைக்கு ஐந்து நாள் மீதி. அக்கா கார்டைத் துணியால் துடைத்துத் தந்தார்.

“தம்பி, இதப் பூட்டப் போய் எத்தன பேர் லெப்டொப்பக் கொன்னுபோட்டீக்காங்க தெரியுமா?” என்றார்.

தெரியும் என்றேன்.

வியாழக்கிழமை குசினி மேசையில் வைத்துப் பூட்டினேன். வேலுசாமி மச்சான் வேலை முடிந்து வந்து பக்கத்தில் நின்றார். லெப்டொப் கவிழ்ந்து கிடந்தது. வயிற்றிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து கார்டுக்குப் போயிற்று. மச்சான் சிரித்தார்.

“என்னா மாப்புள, லெப்டொப்புக்குச் சேலைன் ஏத்துறீங்களா?”

சொன்னவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கடைசி நாட்களில் பிரேமலதாவின் இரண்டு கையிலும் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்தான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பவர் சப்ளையின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். கார்டின் இரண்டு விசிறிகளும் சுழன்றன. ஆனால் லெப்டொப் கார்டைக் கண்டுகொள்ளவில்லை. கண்டபோது பிழை என்று மஞ்சள் குறி போட்டது. வெள்ளிக்கிழமை முழுவதும் அதோடு போயிற்று. எதை முதலில் போட வேண்டும், எத்தனை விநாடி பொறுத்து மற்றதைப் போட வேண்டும் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு மஞ்சள் குறி மறைந்தது. மென்பொருளைத் திறந்தேன். பதினான்கு மணித்தியாலம் என்று காட்டியது.

முப்பத்தொரு நாள் பதினான்கு மணித்தியாலமாகியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் பெட்டிப் பிரச்சினை வந்தது. டில்ஷிகா விசிறியைத் தொடப் பார்த்தாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தகரமும் வயருமாக வெளியே கிடக்கும் ஒரு சாமானை வீட்டில் வைக்க முடியாது, பிள்ளைக்குக் கரண்ட் அடித்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. விசிறி விரலை வெட்டும் என்பது என் பயம். கரண்ட் அடிக்கும் என்பது அத்தையின் பயம். மச்சான் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி சொன்னார். ரப்பர் மரப் பலகையில் ஒரு பெட்டி. உள்ளே நாலு பக்கமும் ரப்பர் ஷீட். மேலே மூடி. பின்னால் காற்றுப் போக ஒரு துளை.

கரண்ட் என்றால் எங்கள் தோட்டத்தில் அடுத்த சொல் ரப்பர்தான். பல்ப் மாற்றுகிறவன் காலடியில் ஒரு துண்டு ஷீட்டைப் போட்டுக்கொண்டு ஏறுவான். மெயின் ஸ்விட்சுக்குப் பின்னால் சுவரில் ஷீட் ஒட்டியிருக்கும். கூரை ஒழுகினாலும் ஷீட், கட்டில் ஆடினாலும் ஷீட். விற்பதற்காகப் புகை போட்ட ஷீட்டை எண்ணி வைத்திருப்பார்கள், வெளியே வராது. உருளையில் அடித்துக் கம்பியில் காயப்போட்ட, இன்னும் புகை போடாத பச்சை ஷீட்டில்தான் ஓரமும் துண்டுமாக வீட்டுக்கு வரும். மச்சான் அப்படி நான்கு துண்டு கொண்டு வந்தார். வெளிர் மஞ்சள் நிறம். லேசான புளிப்பு நாற்றம்.

சூடு தாங்குமா என்று கேட்டேன்.

“மாப்புள, இது புகைக்கூட்டுல நாலு நாளு சூட்டுல தொங்குற சாமான். ஒங்க கார்ட் எந்த மூலைக்கு?”

அது எனக்குச் சரியாகவே பட்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓடவிட்டேன். இரவு எட்டு மணிக்கு முடிய வேண்டும். பெட்டியைக் குசினி மூலையில் வைத்தோம். டில்ஷிகா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே என்ன மிருகம் இருக்கிறது என்று கேட்டாள். கணக்குப் போடுகிற மிருகம் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பத்து மணிக்கு இருபத்தெட்டு சதவீதம். பன்னிரண்டரைக்கு நாற்பத்தாறு. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். வெயில் கூரைத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க ரப்பர் நாற்றம். வேறு யாராவது இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பார்கள். எங்களுக்கு ரப்பர் நாற்றம் ஒரு நாற்றமே இல்லை. அத்தையின் சேலையில் அந்த நாற்றம்தான். மச்சானின் கையில் அந்த நாற்றம்தான். நான்கு பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம்.

ஒரு மணிக்குத் திரை கறுத்தது. விசிறிச் சத்தம் இல்லை.

மூடியைத் திறந்தேன். இரண்டு பக்கத்து ஷீட்டும் இளகி உள்ளே சரிந்திருந்தன. ஒன்று விசிறியில் மாட்டியிருந்தது. விசிறி அதை நூலாக இழுத்து இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டிருந்தது. கார்டின் மேல் தேன் ஊற்றிய மாதிரி ஒரு மஞ்சள் படலம். விரல் வைத்தேன். சூடு. விரலை எடுத்தபோது நூலும் கூடவே வந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

இதைப் பிரேமலதா வருடா வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். கந்தகம் சேர்த்த ரப்பர் சூட்டைத் தாங்கும். சேர்க்காத ரப்பர் இளகும், ஒட்டும். இரவில் பாடக்குறிப்பு எழுதும்போது சத்தமாக வாசிப்பாள். நான் பக்கத்தில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அவள் இருந்திருந்தால் பெட்டியைப் பார்த்ததுமே சொல்லியிருப்பாள். நன்றாகத் திட்டியும் இருப்பாள்.

ஸாஹிரா அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் கித்துல்கலவில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பின்னால் சத்தமாக இருந்தது. திரும்பவும் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம், ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கடையைத் திறக்கிறேன், அப்படியே கொண்டு வாருங்கள் என்றார். கார்ட் பிழைக்குமா என்று கேட்டேன். பார்க்காமல் எப்படிச் சொல்ல என்றார்.

அன்று பின்னேரம் அத்தை என் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். பயணப் பெட்டியை. என் சட்டைகளை மடித்து அதற்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டில்ஷிகா தன் பொம்மை ஒன்றைக் கொண்டு வந்து சட்டைகளுக்கு மேல் வைத்தாள். பிறகு யோசித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை மச்சானும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை. அவிசாவளையில் இறங்கி இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினோம். கார்டைப் பிஸ்கட் டின்னில் வைத்து அவர் மடியில் பிடித்திருந்தார். கண்டக்டர் சிங்களத்தில் டின்னில் என்ன, கல்லா என்று கேட்டான். எஹலியகொட பஸ்ஸில் டின்னை அப்படிப் பிடித்திருந்தால் இரத்தினக்கல் என்றுதான் நினைப்பார்கள். மச்சான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். கண்டக்டர் எங்களுக்கு முன் சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தான்.

ஸாஹிரா அக்கா டின்னைத் திறந்தார். மூக்கைச் சுருக்கினார். கார்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதென்ன தம்பி, பபிள்கம்மா?”

“ஷீட்டுங்க,” என்றார் மச்சான். “பச்ச ஷீட்டு. நான்தான் போட்டேன்.”

“நீங்க யாரு?”

“ரப்பர் ஸ்டோர்ல வேலைங்க.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

மச்சான் டின் மூடியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

அக்கா விசிறி மூடியைக் கழற்றினார். ரப்பர் நூல் விசிறியின் அச்சில் வெங்காயம் மாதிரிச் சுற்றியிருந்தது. இடுக்கியால் இழுத்தால் நீண்டதே தவிர வரவில்லை. சூடு கூடியதும் கார்ட் தானாக நின்றிருக்கலாம், அப்படியானால் பிழைக்கும் என்றார். ஆனால் விசிறி சுற்றாமல் சோதிக்க முடியாது. தின்னர் போட்டால் ரப்பர் கரையும், விசிறியின் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரையும். அதே அளவு விசிறி அவரிடம் இல்லை. கொழும்பிலிருந்து எடுக்கச் செவ்வாய்க்கிழமை ஆகும்.

செவ்வாய் எனக்கு உதவாது என்றேன். ஏன் என்று கேட்டார். திங்கட்கிழமை கணக்கைச் சொன்னேன். கட்டாரையும் சொன்னேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தபோது மச்சானைக் காணவில்லை. வெட்கத்தில் வெளியே போய்விட்டார் என்று நினைத்தேன். கால் மணித்தியாலத்தில் வந்தார். கையில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கறுத்த உருண்டை. மரத்தில் வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைச் சுரண்டி உருட்டினால் அப்படி இருக்கும், ஒட்டுப்பால். நான்கு கடை தள்ளி ரப்பர் வாங்குகிற முதலாளி ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். கடைக்குள் ஒரு செத்த நாற்றம் பரவியது. முன்பக்கத்திலிருந்து சாலி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பாலு கையில ஒட்டுனா எங்க ஆளுக இப்பிடித்தான் எடுப்பாங்க,” என்றார் மச்சான். “தண்ணியும் வேணாம், எண்ணெயும் வேணாம்.”

உருண்டையை நூலின் மேல் வைத்து மெதுவாக ஒற்றினார். தூக்கினார். நூல் உருண்டையோடு வந்துவிட்டது. மறுபடி ஒற்றினார். அக்கா விளக்கைக் கிட்ட இழுத்துப் பிடித்தார். ஒரு மணித்தியாலம் இருக்கும். பெரிய கையால் அத்தனை சின்ன வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை. கடைசியில் விசிறி பளிச்சென்று இருந்தது. அக்கா அதை விரலால் தட்டினார். சுற்றியது.

“நாத்தம் தாங்க ஏலா. ஆனா வேல செய்யுது,” என்றார்.

விசிறியைத் திரும்பப் பூட்டி, கார்டைத் தன்னுடைய மேசைக் கம்ப்யூட்டரில் செருகினார். ஸ்விட்சைப் போடுவதற்கு முன் என்னைப் பார்த்தார்.

நான் மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன். கை நழுவியது. உள்ளங்கை முழுக்க வேர்வை. எனக்கு என்ன ஆகிறது என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பயம். இந்தச் சாமான் ஓடாவிட்டால் நான் போக வேண்டிவரும் என்ற பயம். பதினொரு மாதத்தில் எதற்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

அக்கா ஸ்விட்சைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. விசிறிகள் சுழன்றன. எழுத்து வந்தது. கார்டின் பெயர் வந்தது.

மச்சான் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று கேட்டார். சாலி மூன்று கொண்டு வந்தார். அரை மணித்தியாலம் சோதித்துவிட்டு அக்கா கார்டை டின்னில் வைத்தார். பெட்டி வேண்டவே வேண்டாம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் திறந்தபடி வையுங்கள் என்றார். மச்சானைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்.

“ஒங்கட கைக்கு இங்க வேல ஈக்குது. ஷீட் அடிச்சு அலுத்தா வாங்க.”

“நாத்தத்தோடயா?” என்றார் மச்சான். பஸ்ஸில் வரும்போது அதை இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் பிள்ளைக்கு எட்டாத உயரம் என்றால் அலுமாரியின் உச்சி. வயர் ஒரு முழம்தான். அதனால் லெப்டொப்பும் உச்சிக்குப் போயிற்று. சதவீதம் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஸ்டூலில் ஏற வேண்டும். பழைய கணக்கு பாதியில் அறுந்திருந்தது; முதலிலிருந்துதான். பின்னேரம் நான்கரைக்குத் தொடங்கியது. காலை ஆறரைக்கு முடிய வேண்டும். டில்ஷிகாவுக்குக் கதை சொன்னேன். பிறகு நானும் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பால் வெட்டுக்காரர்கள் புறப்படும் நேரம். அந்த நேரத்தில் எட்டு வீட்டிலும் கரண்ட் கேத்தல் போடுவார்கள். லயத்துக்கு ஒரே கம்பி. பல்ப் எல்லாம் மங்கிச் சிவக்கும். சில நாள் கரண்டே விழும். லெப்டொப்புக்குப் பேட்டரி உண்டு. கார்டுக்கு இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை. பாயிலிருந்து துள்ளி எழுந்தேன்.

பல்ப் மங்கவில்லை. வெளியே போனேன். லயம் முழுக்கப் புகை. எட்டு வீட்டு அடுப்பிலும் விறகு எரிந்துகொண்டிருந்தது. மச்சானின் வீட்டு வாசலில் அவர் மனைவி கண்ணைக் கசக்கியபடி ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். நேற்று விளக்கு வைத்த பிறகு அத்தை வீடு வீடாகப் போய், காலையில் யாரும் கேத்தல் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கும் முன்பே கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, காலையில் பெயர் பதியும் பெரட்டுக்குப் போயிருந்தார்.

ஏழு மணிக்கு முடிந்தது. ஸ்டூலில் நின்றபடியே பார்த்தேன். சரிவு, ஓடை, பாதை, ஒரு கோயில் கூரை. எல்லாம் உயரத்தோடு இருந்தன. எங்கும் கிழிசல் இல்லை.

நல்ல சிக்னல் வேண்டுமென்றால், தோட்டத்தின் மேல் பிரிவுக்குப் போகும் வளைவில் ஏற வேண்டும். லெப்டொப்பை மட்டும் கழற்றித் தூக்கிக்கொண்டு போனேன். வைஃபை எடுத்துவிட்ட லெப்டொப். போனைக் கேபிளில் மாட்டி, ஒரு கல்லில் உட்கார்ந்து அனுப்பினேன். நீலக் கோடு ஊர்ந்தது. இரண்டு தடவை நின்று மறுபடி நகர்ந்தது. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தது. கிடைத்தது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு வரி வந்தது.

பதினொரு மணிக்கு ஏஜென்சிக்காரர் போன் எடுத்தார். நான் அதே கல்லில் இருந்தேன். கொழும்பிலிருந்து பதில் இல்லை. அந்த நேரம் பால் நிறுவைக்குப் போகும் பெண்கள் வளைவில் இறங்கி வந்தார்கள். அத்தை வாளியோடு என் பக்கத்தில் நின்றார். பாஸ்போர்ட்டோடு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று ஏஜென்சிக்காரர் கேட்டார்.

“நான் வரலைங்க,” என்றேன்.

அவர் என்னென்னவோ சொன்னார். இந்த இடம் போனால் இன்னொன்று லேசில் வராது என்றார். சரிங்க என்றேன். வைத்துவிட்டார்.

அத்தை வாளியைக் கீழே வைத்தார்.

“கொழும்புலருந்து பதிலு வந்திருச்சா?”

“இன்னும் இல்ல அத்தை.”

“அப்புறம் எதுக்கு வரலைன்னீங்க?”

“போகப் புடிக்கல.”

அவர் என்னையே பார்த்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறினார்.

“இத அப்பவே சொல்றதுக்கு என்னா? நீங்க போகணும்னு இருக்கீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். நீங்க போனா தேடுமேன்னு மூணு மாசமா புள்ளைய என்கிட்ட படுக்கப் போட்டுப் பழக்குறேன். அது ராவு முழுக்க ஒதைக்குது. எனக்கு இடுப்பே போயிருச்சு.”

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே வந்தது. கீழே போய்க்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்தார். வேர்வை என்று சொல்லிக்கொண்டார்.

“கொழும்புக்காரன் இல்லைன்னாலும் பாத்துக்கலாம்,” என்றார். “அளக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு இந்த மண்ணுல அளக்க எடமா இல்ல?” வாளியைத் தூக்கினார். தூக்கிய கையோடு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க என்றார்.

பதில் இரண்டேகாலுக்கு வந்தது. கதவருகில் நின்று படித்தேன். வரைபடம் நன்றாக இருக்கிறது. தரையில் குறித்த இரண்டு அளவுப் புள்ளிகளின் எண்கள் மாறிப் போயிருக்கின்றன. திருத்தி மறுபடி ஓட்டி நாளைக்குள் அனுப்பவும். அடுத்த திங்கட்கிழமை வேலையைத் தொடங்கலாம். இரண்டு தடவை படித்தேன். புள்ளிகள் மாறியது என் பிழைதான், ரப்பருடையது அல்ல. ஸ்டோருக்குப் போய் மச்சானிடம் சொன்னேன். ஷீட் உருளையை நிறுத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் என் தோளைப் பிடித்தார். சட்டையில் இரண்டு கையும் வெள்ளையாகப் பதிந்தது.

பிள்ளைமடுவத்திலிருந்து டில்ஷிகாவைக் கூட்டி வந்தேன். புள்ளிகளைத் திருத்தி மறுபடி ஓடவிட்டேன். அலுமாரி உச்சியில் சத்தம் தொடங்கியது. அதைப் பார்க்க வேண்டும் என்று அவள் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். ஒரு கையால் என் கழுத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் சுத்துது அப்பா,” என்றாள்.

கனத்தாள். எப்போது இவ்வளவு கனத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றாள். சரி என்றேன். கை வலிக்கும்வரை அப்படியே நின்றேன்.